பன்னு பூந்த வளை

இந்த வாரம் பத்திரிகைக்கு எழுத வேண்டாம்னுதாங்க இருந்தேன். நெசமாத்தான். ஞாயித்துக்கெழம, என்ற ஜேசிபி வண்டிக்கு லீவு, வெளிய சாரல், பேக்கரில சூடா பப்ஸு. அதையெல்லாம் உட்டுப்போட்டு எவன் உக்காந்து எழுதறது? அதுவுமில்லாம இது என்ற கதை இல்லைங்க. என்ற பிரண்டு பூபதி கதை. அடுத்தவன் ஊட்டுக்குள்ள எட்டிப் பாத்து எழுதுனா உதை உழுகும்.

ஆனா ஒரு இங்கிலீசு வார்த்தை என்ற மண்டைக்குள்ள வந்து குடியிருக்குது. காலி பண்ணச் சொன்னாலும் பண்ண மாட்டேங்குது. பர்ரோ.

சிரிக்காதீங்க. பிளஸ் ஒன்னோட படிப்புக்குப் பெரிய கும்புடாப் போட்டவன் நான். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசெல்லாம் லாரி பின்னால எழுதியிருக்கறதுதான். அப்படியாப்பட்டவனுக்கு இந்த வார்த்தை எப்படி வந்துச்சுன்னு சொல்லிப்போட்டா மண்டை காலியாகும். அதுக்குத்தான் எழுதறேன்.

கண்ண மூடுனா மொதல்ல வர்றது இதுதானுங்க. தொண்டாமுத்தூருக்கு மேக்க, மலைக்கு அடில ஒரு தென்னந்தோப்பு. அதோட ஓரத்துல, மழை பேஞ்சா மட்டும் தண்ணி ஓடற பள்ளம். அந்தப் பள்ளத்துக் கரைமேல ஒரு அம்மணி குப்புறப் படுத்திருக்குது. இஸ்திரி போட்ட காட்டன் சேலை. கழுத்துல ஸ்கூல் ஐடி கார்டு. கன்னம் மண்ணுல ஒட்டியிருக்குது. வலது கை தோள்பட்டை வரைக்கும் ஒரு வளைக்குள்ள.

பக்கத்துல அதோட புருசன் மம்முட்டியப் புடிச்சுட்டு நிக்கறான். அழுகறான். சத்தமில்லாம, மூக்கு ஒழுக ஒழுக, ஒண்ணாங்கிளாஸ் பையனாட்ட.

அவன்தான் பூபதி.

ங்க போட்டே குடும்பம் நடத்துனவங்க

பூபதி நெம்ப மரியாதைக்காரனுங்க. நம்ம பக்கம் எல்லாருமே ங்க போட்டுத்தான் பேசுவோம், அது வேற. இவன் தேங்கா போடற மரத்துக்கிட்டயே "ஏறட்டுமாங்க"ன்னு கேக்கற ரகம்.

அவனுக்குப் பொண்ணு அமைஞ்சது ஆர்.எஸ்.புரத்துல. பேரு கீர்த்தனா. இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல்ல டீச்சர். கல்யாணமாகி நாலஞ்சு மாசம் ஆகியும் ரெண்டு பேரும் பேசிக்கறதப் பாத்தா, பேங்க் கவுண்டருக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் நிக்கறாப்புலயே இருக்கும்.

"ஏனுங்க, சட்னிக்கு உப்புப் பத்துதுங்களா?"

"பத்துதுங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

"அப்புறமாச் சாப்பிடறேனுங்க."

நான் நடுவுல உக்காந்து இட்லி திங்கறவன். "டேய், டோக்கன் நம்பர் கூப்புடுங்கடா, அடுத்த ஆள் நானு"ன்னுவேன். பூபதி மொறைப்பான். டீச்சர் சிரிப்ப அடக்கிட்டு அடுப்படிக்குப் போயிரும்.

டீச்சர் பொறந்த ஊட்ல இருந்து கூட்டிட்டு வந்தது ஒரே ஒரு உசுருதான். பன்னு. நாய்தானுங்க. நீட்ட ஒடம்பு, காலு மட்டும் அளவெடுக்கும்போது துணி பத்தாமப் போன மாதிரி. நெறம் அப்படியே பேக்கரி பன்னு. டீச்சரோட பாத்ரூம் செருப்புல ஒத்தைய வாயில கவ்விக்கிட்டே சுத்தும். அந்தச் செருப்பில்லாம அதுக்கு ஒரு வேலையும் ஓடாது.

குட்டில இருந்து அது டீச்சரோட போர்வைக்குள்ளதான் தூங்குமாம். இங்க வந்த மொத நாளே பூபதி சொல்லிப்போட்டான். "எங்கூட்ல நாய் வெளியதாங்க படுக்கும்."

டீச்சர் "சரிங்க"ன்னுச்சு.

அவ்வளவுதான் பேச்சு. சண்டையில்ல, மொகந்தூக்கல் இல்ல. போர்டிகோவுல ஒரு சாக்குப் போட்டாங்க. பன்னு அதுல படுத்துச்சு. அந்தச் "சரிங்க" எத்தனை கனம்னு பூபதிக்குத் தெரியல. எனக்கும்தான் தெரியல. நான் இட்லில இருந்தேன்.

மதுக்கரைப் பெருச்சாளி

வளைன்னதும் இன்னொண்ணு ஞாவகம் வருது, சொல்லிப்போடறேன்.

நான் பொறந்தது மதுக்கரைல. சிமெண்ட் ஊரு. அங்க எங்க லைன் ஊட்டுக்குப் பின்னால, பொடக்காளில, ஒரு பெருச்சாளி குடியிருந்துச்சு. ரவைக்குத் தோண்டும், காலைல எங்கப்பன் சிமெண்டு கொழைச்சு அடைப்பாரு. அடுத்த ரவைக்கு ஒரு மொழம் தள்ளித் தோண்டும். எங்கப்பன் மறுக்கா அடைப்பாரு. கடைசில பொடக்காளி பூரா சிமெண்டுத் தரையாயிருச்சு. எங்கம்மா "உங்களால ஆகாத வேலைய பெருச்சாளி செஞ்சுபோட்டுது"ன்னு அதுல வடகம் காயப் போட்டுச்சு.

இதை எதுக்குச் சொல்றேன்னா, ஓட்டையப் பாத்தா அடைக்கறது நம்மாளுகளுக்குக் கை பழக்கமுங்க. உள்ள யாராச்சும் இருக்காங்களான்னு குனிஞ்சு பாக்கற பழக்கம்தான் இல்ல.

செருப்பு

பூபதி தோப்புல புதுசா வச்ச தென்னங்கன்னுகள முள்ளம்பன்னி அடியோட கடிச்சுப் போட்டுட்டிருந்துச்சு. பள்ளத்துக் கரைல அதோட வளை. ஒரு ஊட்டுக்கு முன்வாசல், பின்வாசல் இருக்கறாப்புல அதுக்கும் மூணு நாலு வாய்.

அந்தப் பக்கம் இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க. முள்ளம்பன்னி ரவைக்கு மேயப் போகும். அது திரும்பி வர்றதுக்கு முந்தி எல்லா வாய்க்கும் கல்லும் வேலமுள்ளும் வச்சு அடைச்சுப் போடோணும். வந்து பாக்கும், "அட, பூட்டிப்போட்டாங்களா"ன்னு வேற எடம் தேடிப் போயிரும். அடிக்க வேண்டியதில்ல, மருந்து வைக்க வேண்டியதில்ல. பூபதி மாதிரி ஆளுகளுக்கு ஏத்த வழி.

ஒரு சனிக்கெழம விடியக்கால அப்படித்தான் அடைச்சுப்போட்டு வந்திருக்கான். டீச்சருக்கு அன்னிக்கு ஸ்கூல் உண்டு. கெளம்பும்போது "பன்னுவக் காணமுங்க"ன்னுச்சாம். "இங்கதாங்க சுத்திட்டிருக்கும், நீங்க போங்க"ன்னு பஸ் ஏத்தி உட்டுட்டான்.

சோத்துக்கும் வரல பன்னு. பக்கத்துத் தோட்டத்துல கேட்டா, "சிறுத்தை தூக்கிட்டுப் போயிருக்கும் கண்ணு, போன மாசம் எங்க நாயும் அப்படித்தான் போச்சு"ன்னாங்க.

நான் அங்க பக்கத்துலதான் ஒரு சைட்டுல கட்டடத்துக்குக் கடக்கால் எடுத்துட்டிருந்தேன். பூபதி பைக்ல வந்து நின்னான்.

"சக்தி, வண்டிய எடுத்துட்டு வாடா."

"என்றா, மாமனார் வர்றாருன்னு நீச்சல் கொளம் வெட்டறயா?"

சிரிக்கல. சட்டைக்குள்ள இருந்து ஒரு செருப்ப எடுத்தான். ஒத்தைச் செருப்பு. வாரெல்லாம் பல்லுத் தடம்.

"வளைக்கு முன்னால கெடந்துச்சுடா. காலைலயே பாத்தேன். நரி எதோ இழுத்துட்டு வந்து போட்டிருக்குதுன்னு ஓரமாத் தூக்கிப் போட்டுட்டுத்தான் கல்லு வச்சேன்."

எனக்கு வாய்ல இருந்த அடுத்த கிண்டல் தொண்டைக்குள்ளயே போயிருச்சுங்க. மலைக்காத்து, மார்கழிக் குளுரு, போர்டிகோவுல ஒரு சாக்கு. போர்வைக்குள்ள பழகுன உசுரு அது. கதகதன்னு ஒரு பொந்தப் பாத்ததும் பூந்துக்கிச்சு. இவன் கதவச் சாத்திப்போட்டான்.

சிறுத்தைன்னு சொல்லிரலாமா

ரெண்டு பக்கமும் வேலி போட்ட இட்டேரிப் பாதை வழியா வண்டிய ஓட்டிட்டுப் போனேன். கரையப் பாத்ததுமே நிறுத்திப்போட்டேன்.

"ஏன்டா நிறுத்துன? பக்கெட்ட எறக்கு!"

"மசையா, கரை பூரா பொலபொலன்னு இருக்குது. இதுமேல வண்டி ஏறுனா வளை உக்காந்துரும். நாயத் தேட வந்தமா, பொதைக்க வந்தமா?"

எல்லா வாயிலயும் இருந்த கல்ல எடுத்தோம், முள்ள எடுத்தோம். "பன்னு, பன்னு"ன்னு மாத்தி மாத்திக் கூப்புட்டோம். ஒண்ணும் வரல. ஒரு சத்தமும் இல்ல. பக்கத்துத் தோட்டத்துல ஓடற மோட்டர் சத்தம் மட்டும்தான்.

பூபதி கரைமேலயே உக்காந்துட்டான்.

"அம்மணிக்குப் போன் பண்ணுனயா?"

"என்னன்னுடா சொல்றது? அவங்க ஊட்ல இருந்து அதை மட்டும்தான்டா கூட்டிட்டு வந்தாங்க."

எதுத்தாப்புல மலையப் பாத்துட்டே இருந்தான். அப்புறம் மெல்லமாக் கேட்டான். "சிறுத்தை தூக்கிருச்சுன்னு சொல்லிரலாமாடா? ஊரே அப்படித்தான சொல்லுது."

இவன் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லைங்க. ஸ்கூல்ல நான் பண்ணுன தப்புக்கெல்லாம் அவன் அடி வாங்குனதே அதனாலதான்.

"சொல்லு. நம்பிரும். பாவம், உன்னய எதுக்குச் சந்தேகப்படப் போகுது? ஆனா நீ இந்தக் கரைப் பக்கம் தண்ணி கட்ட வரும்போதெல்லாம் என்ன பண்ணுவ?"

பதில் சொல்றதுக்குள்ள இட்டேரில ஆட்டோ சத்தம். அரை நாள் ஸ்கூல் முடிஞ்சு டீச்சர் வந்து எறங்குச்சு. கடை வீதிலயே எவனோ சொல்லியிருக்கான். மொகத்துல ரத்தமில்ல. அப்பவும் அந்த மரியாதை மட்டும் போகல.

"ஏனுங்க, பன்னுவச் சிறுத்தை தூக்கிட்டுப் போயிருச்சுங்கறாங்களே. நெசமாங்க?"

ஆமான்னு ஒரு வார்த்தை போதும். கேள்விக்குள்ளயே பதிலும் தயாரா இருக்குது, இவன் தலைய ஆட்டுனாப் போதும். நான் கீழ குனிஞ்சு என்ற பூட்ஸப் பாத்துட்டிருந்தேன்.

"இல்லீங்க"ன்னான் பூபதி. "நாந்தாங்க. இந்த வளைய அடைச்சது நாந்தாங்க. உள்ள இருந்தது தெரியலீங்க. செருப்பக் கூடப் பாத்தேனுங்க, அப்பவும் தெரியலீங்க."

செருப்ப நீட்டுனான். டீச்சர் அதை வாங்கிப் பாத்துச்சு.

அப்புறம் வந்துச்சு பாருங்க.

"எந்த ஓட்டைடா?"

நான் நிமுந்துட்டேன். பூபதியும் நிமுந்துட்டான். சுத்தியும் பாத்தான், யாரையோ சொல்லுதாட்டருக்குதுன்னு.

"உன்னத்தான் கேக்கறேன்! எந்த ஓட்டை? கையக் காட்டு!"

மோட்டர நிறுத்து

பூபதி கடப்பாரைய எடுத்துட்டு மேல இருந்து குத்தப் போனான். அவனுக்கு எதையாச்சும் குத்தணும்போல இருந்திருக்கும்.

"டேய், குத்தாத! மண்ணு அது மேலயே உழுகும். மொதல்ல எங்க இருக்குதுன்னு கேக்கணும். சக்திண்ணா, அந்த மோட்டர நிறுத்துங்க."

எனக்கு மட்டும் ங்க. நான் ஓடுனேன். யாரு மோட்டரு, யாரு தோட்டம்னெல்லாம் பாக்கல, சுவிட்ச அமுத்திப்போட்டு வந்துட்டேன்.

டீச்சர் ஒவ்வொரு வாயிலயும் படுத்துப் படுத்துக் காது வச்சுச்சு. "பன்னு, அம்மா வந்துட்டேன்டா கண்ணு." அடுத்ததுல. "பன்னு." வேப்பமரத்தடில இருந்த வாயில காது வச்சதும் கையத் தூக்கிச்சு. நாங்க மூச்சு உடல.

குக்கர் விசில் வர்றதுக்கு முந்தி ஒரு சின்னச் சத்தம் வருமே, அந்த மாதிரி ஒண்ணு. வந்துச்சு. நின்னுச்சு. மறுக்கா வந்துச்சு.

நான் பக்கவாட்டுல கரைய மம்முட்டில கொஞ்சங் கொஞ்சமாச் சீவுனேன். ஜேசிபில கெணறே வெட்டுனவன், இட்லிப் பொடி அள்ளற மாதிரி மண்ணு அள்ளுனேன். அவங்க ரெண்டு பேரும் தோளும் தோளும் ஒட்ட மண்டி போட்டு, தேங்காத் தொட்டில தோண்டுனாங்க. டீச்சரோட வளையல் ஒண்ணு ஒடைஞ்சுது. பூபதி நெகத்துல ரத்தம்.

வெயில் மலைக்கு அந்தப் பக்கம் போயிருச்சு. மேல்தோட்டத்துல இருந்து ஒருத்தர் கத்துனாரு. "ஏனுங் பூபதி, ஆனை எறங்கற நேரமுங்க, ஊட்டுக்குப் போயிருங்க!"

"நீங்க போங்க"ன்னான் பூபதி, எங்களப் பாத்து. "நான் இருந்து எடுத்துட்டு வாரேன்."

"வாய மூடிட்டுத் தோண்டு"ன்னுச்சு டீச்சர்.

அப்பத்தான் அது குப்புறப் படுத்து கைய உட்டுச்சு. நான் மொதல்ல சொன்னது இந்த எடம்தான். கை உள்ள போகுது, போகுது, தோள்பட்டை வரைக்கும் போயிருச்சு. "கழுத்துப் பெல்ட்டு வேர்ல மாட்டியிருக்குது"ன்னுச்சு. வேப்ப வேரு. அதனாலதான் கல்ல எடுத்தும் வெளிய வரல. உள்ளயே கை தடவித் தடவிப் பக்கிளக் கழட்டுது. மொகம் கோணுது. பூபதி பின்னால நின்னு அழுகறான்.

"ம்ம்... ம்ம்... வந்துருச்சு."

பின்னங்காலுதான் மொதல்ல வந்துச்சு. அப்புறம் முழுப் பன்னும். கண்ணத் தவுத்து எல்லாமே மண்ணு. வளைக்குள்ள உதுந்து கெடந்த முள்ளம்பன்னி முள்ளு ஒண்ணு காதுல குத்தி நிக்குது, பேனா சொருகுன கணக்குப்புள்ளையாட்ட. ரெண்டு தும்மல் போட்டுச்சு. பெத்த தாயாட்டம் காப்பாத்துன டீச்சரத் தாண்டிப் போயி, அழுதுட்டே கீழ உக்காந்துட்ட பூபதி மடில ஏறி, லுங்கி மடிப்புக்குள்ள தலைய நொழைச்சு, ஒடம்பையும் நொழைச்சு, வாலு மட்டும் வெளிய.

"ஆள் தெரியாம ஏறிருச்சுடா"ன்னேன். அதுக்கு மேல என்னால கிண்டல அடக்க முடியலீங்க.

பூபதி அப்பத்தான் சத்தம் போட்டு அழுதான்.

டீச்சர் மண்ணுக் கையாலயே கண்ணத் தொடச்சுட்டு அவன் பக்கத்துல உக்காந்துச்சு. "குளுருதாட்டருக்குது. பாரு, உன்ற மடில பர்ரோ பண்ணுது."

ஒரு வார்த்தை, ஊருப்பட்ட வேலை

அப்படி வந்ததுதாங்க அந்த வார்த்தை. காதுல இருந்த முள்ள டாக்டர் எடுத்தப்புறம், பூபதி ஊட்ல காப்பி குடிச்சுட்டு டீச்சர்கிட்டக் கேட்டேன். ஸ்கூல்ல எந்த டீச்சர்கிட்டயும் நானா ஒரு சந்தேகம் கேட்டதில்ல. இதுதான் மொதல்.

மொயலோ முள்ளம்பன்னியோ தோண்டி வச்ச குழியும் பர்ரோ. அப்படித் தோண்டறதும் பர்ரோ. நாம எலிக்கு வளைங்கறோம், பாம்புக்குப் புத்துங்கறோம், கிளிக்குப் பொந்துங்கறோம். வெள்ளக்காரன் இந்த ஒண்ணுலயே தோண்டற வேலையவும் சேத்துப்போட்டான். அப்படிப் பாத்தா நானும் பர்ரோ பண்ணித்தான் சோறு திங்கறேன்.

பஸ்ல கண்டக்டர் வந்து நின்னதுக்கப்புறம் பொம்பளைக பைக்குள்ள முழங்கை வரைக்கும் உட்டுச் சில்லறை தேடுவாங்களே, அதும் பர்ரோவாம்.

போர்வைக்குள்ளயோ, நமக்குப் புடிச்சவங்க பக்கத்துலயோ ஒட்டிப் பூந்துக்கறதும் அதுதானாம். இதச் சொல்லும்போது டீச்சர் பூபதியப் பாக்கல. பூபதி காப்பி டம்ளருக்குள்ள பாத்துட்டிருந்தான். நான் ரெண்டு பேரையும் பாத்துட்டிருந்தேன்.

"ஏன்டா, நீயும் ங்கக்குள்ள பர்ரோ பண்ணிட்டுத்தான இருந்த?"ன்னேன்.

"இவனுக்கு இங்கிலீசு சொல்லிக் குடுத்தது உன்ற தப்பு"ன்னான் டீச்சர்கிட்ட.

உன்ற! கேட்டீங்களா? எனக்குக் காப்பி பொறையேறிருச்சு.

அன்னிக்கு ரவைக்கே போர்டிகோ சாக்கு காணாமப் போயிருச்சு. சொந்தக்காரங்க வந்தா டீச்சர் இப்பவும் "ஏனுங்க"தான். தனியா இருக்கும்போது வாடா போடாதான். தனியா இருக்கும்போது ங்க வந்துச்சுன்னா பூபதி பயந்துக்கறான், நம்ம மேல எதோ கோவம்னு. முள்ளம்பன்னிக்கும் அந்த வளையத் தொறந்தே உட்டுட்டான். கன்னுகளச் சுத்தித் தகரம் அடிச்சிருக்கான்.

இதெல்லாம் எழுதி முடிச்சுப்போட்டு அவனுக்கே போன்ல அனுப்புனேன். "ஊரே படிக்கற பத்திரிகைடா, நீ அழுததெல்லாம் இருக்குது, அதை மட்டும் அடிச்சுப்போடட்டுமா?"ன்னு கேட்டேன்.

அப்புறம் பதில் வந்துச்சு.

"வேண்டாம்டா, அவ அந்த எடத்தத்தான் ரெண்டு தடவ படிப்பா."